நித்தியகல்யாணி இலையைக் காய்ச்சிக் குடிக்கலாமா?



குடியாத்தம், பேரணாம்பட்டு, ஆம்பூர் வட்டாரத்தில் கபர்ஸ்தானுக்குப் போய்வருபவர்கள் இந்தச் செடியைப் பார்க்காமல் இருந்திருக்க மாட்டார்கள். முழங்கால் உயரம். பளபளப்பான பச்சை இலை, அதன் நடுவே வெளிறிய நரம்பு. ஐந்து இதழ்களில் இளஞ்சிவப்புப் பூ, சில இடங்களில் வெள்ளைப் பூ. யாரும் நட்டதில்லை, தண்ணீர் ஊற்றியதுமில்லை. கத்திரி வெயிலிலும் பூத்து நிற்கும். நித்தியகல்யாணி என்பது அதன் பெயர். பட்டிப்பூ என்றும், சுடுகாட்டு மல்லி என்றும் சொல்வார்கள். நம் பகுதியில் உருது பேசும் வீடுகளில் அதற்குச் சதாபஹார் என்று பெயர்.

இந்தச் செடியைப் பற்றி நம்மிடம் இரண்டு கேள்விகள் அடிக்கடி வருகின்றன. முதல் கேள்வியைச் சத்தமாகவே கேட்பார்கள்: "ஹஜ்ரத், சுகருக்கு இந்த இலை நல்லதாமே, குடிக்கலாமா?" இரண்டாவது கேள்வி ஜும்ஆ முடிந்து கூட்டம் கலைந்த பிறகு, தனியாக வரும். பிள்ளைக்கு இரத்தப் புற்றுநோய் என்று வேலூரில் சொல்லிவிட்டார்கள். ஊசி போட்டு முடியெல்லாம் கொட்டிவிட்டது. அந்த ஊசி மருந்தே இந்தச் செடியில் இருந்துதான் எடுக்கிறார்களாம். அப்படியானால் இலையையே காய்ச்சிக் கொடுத்தால் என்ன?

இரண்டாவது கேள்விதான் நம்மை இதை எழுத வைத்தது. கேட்பவர் அறியாமையால் கேட்கவில்லை. அவர் கேள்விப்பட்டதில் பாதி உண்மை. அந்தப் பாதி உண்மைதான் ஆபத்தாக முடிகிறது.

மணலில் பிறந்த செடி

நித்தியகல்யாணியின் சொந்த ஊர் இந்தியா அல்ல. ஆப்பிரிக்காவுக்குக் கிழக்கே இருக்கும் மடகாஸ்கர் தீவு. உலகில் வேறெங்கும் இயற்கையாகத் தோன்றாத செடி இது. கப்பல் போக்குவரத்து பெருகிய காலத்தில், அழகுக்காகத் தோட்டங்களில் வளர்க்க விதையைக் கொண்டுபோனார்கள். அது தோட்ட வேலியைத் தாண்டி வெப்ப நாடுகளின் கரையெல்லாம் பரவிவிட்டது. 1759-இல் லின்னேயஸ் இதற்கு வின்கா ரோசியா என்று பெயர் வைத்தார். பிற்பாடு அது கேதராந்தஸ் ரோசியஸ் என்று மாறியது. நம் மருத்துவர்கள் இன்றும் அந்த மருந்துகளை 'வின்கா' வகை என்று சொல்வது பழைய பெயரின் மிச்சம்.

கடற்கரை மணல் இதற்கு மிகவும் பிடித்த இடம். தண்ணீர் தேங்கினால் வேர் அழுகிவிடும். மணலில் தண்ணீர் தேங்குவதில்லை. சத்தில்லாத மண்ணும், வெயிலும், ஓரளவு உப்பும் இதற்குப் பொருட்டல்ல. தமிழ்நாட்டின் கிழக்குக் கரையில் மணற்பாங்கான ஊர்களில் இது தானாக வளர்கிறது. திருநெல்வேலி, இராமநாதபுரம் பக்கத்து வறண்ட நிலங்களில் இதைப் பயிராகவே இட்டு, இலையையும் வேரையும் காயவைத்து வெளிநாட்டு மருந்துக் கம்பெனிகளுக்கு அனுப்பினார்கள்.

கடலுக்கு வெகு தொலைவில் இருக்கும் குடியாத்தத்தில் இது எப்படி நிலைத்தது என்றால், கடல் இல்லாவிட்டாலும் மணல் இருக்கிறது. கவுண்டன்ய நதியும் பாலாறும் ஆண்டில் பெரும்பகுதி மணலாகவே கிடக்கின்றன. கபர்ஸ்தானில் இது தழைப்பதற்கு இன்னொரு காரணமும் உண்டு: ஆடு இதைத் தின்னாது. வேலியில்லாத கபர்ஸ்தானுக்குள் புகும் ஆடுகள் மற்றதையெல்லாம் மேய்ந்துவிட்டு இதை மட்டும் விட்டுவிடும். இலை அவ்வளவு கசப்பு. இது அரளிக் குடும்பத்தைச் சேர்ந்தது என்று சொன்னால் நம் ஊர்ப் பெரியவர்களுக்கு வேறு விளக்கம் தேவைப்படாது.

அந்தக் கசப்பு, பூச்சிக்கும் விலங்குக்கும் எதிராக அல்லாஹ் அந்தச் செடிக்குக் கொடுத்த ஆயுதம். ஆல்கலாய்டு எனப்படும் நூற்றுக்கும் மேற்பட்ட வேதிப்பொருள்கள் இந்த ஒரு செடியில் இருக்கின்றன. அவற்றில் இரண்டுதான் நம் பேச்சுக்கு முக்கியம்: வின்பிளாஸ்டின், வின்கிரிஸ்டின்.

சர்க்கரை நோய்க்குத் தேடியவர்களுக்குக் கிடைத்தது

1952-இல் கனடாவில் கிளார்க் நோபிள் என்ற மருத்துவருக்கு ஜமைக்கா தீவில் இருந்து ஓர் உறை வந்தது. உள்ளே இந்தச் செடியின் 25 இலைகள். அங்கே சர்க்கரை நோய்க்கு இதைத் தேநீராக்கிக் குடிக்கிறார்கள் என்ற குறிப்பு. கிளார்க் நோபிள், இன்சுலின் கண்டுபிடிப்பின் தொடக்க கால ஆய்வுகளில் பங்கு பெற்றவர். ஆகவே அவருக்கு அனுப்பியதில் அர்த்தம் இருந்தது. அவர் அந்த இலைகளை, மேற்கு ஒன்டாரியோ பல்கலைக்கழகத்தில் ஆய்வு செய்துகொண்டிருந்த தம் தம்பி இராபர்ட் நோபிளிடம் கொடுத்தார்.

இராபர்ட் நோபிள் இலைச் சாற்றை எலிகளுக்கு வாய்வழியாகக் கொடுத்தார். சர்க்கரை இறங்கவில்லை. வேறெதுவும் நடக்கவில்லை. பிறகு சாற்றை ஊசியாகப் போட்டார். அப்போதும் சர்க்கரை இறங்கவில்லை. ஆனால் எலிகள் சில நாட்களில் செத்துப்போயின. ஏன் செத்தன என்று அறுத்துப் பார்த்தபோது, உடல் முழுவதும் கிருமித் தொற்று. இரத்தத்தில் வெள்ளை அணுக்கள் சரிந்திருந்தன. அவற்றை உருவாக்கும் எலும்பு மஜ்ஜை முடங்கிக் கிடந்தது.

வேறு யாராவது இருந்தால் அந்த இலையைக் குப்பையில் போட்டிருப்பார்கள். நோபிள் வேறு மாதிரி யோசித்தார். வெள்ளை அணுக்களை அழிக்கும் ஒன்று, வெள்ளை அணுக்கள் கட்டுக்கடங்காமல் பெருகும் நோய்க்கு, அதாவது இரத்தப் புற்றுநோய்க்கு, ஏன் உதவக்கூடாது? சார்லஸ் பீர் என்ற வேதியியல் அறிஞரோடு சேர்ந்து அந்தப் பொருளைப் பிரித்தெடுத்தார். 1958-இல் வின்பிளாஸ்டின் உலகுக்கு அறிமுகமானது. அதே காலத்தில் அமெரிக்காவின் எலி லில்லி நிறுவனத்தில் கோர்டன் ஸ்வோபோடா, இர்விங் ஜான்சன் ஆகியோரும் இதே செடியை ஆராய்ந்து, இரத்தப் புற்றுநோய் வந்த சுண்டெலிகளின் ஆயுள் நீடிப்பதைக் கண்டார்கள். அவர்கள் வழியாக வந்தது வின்கிரிஸ்டின். 1963-இல் அதற்கு அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது. இன்று இரண்டும் உலக சுகாதார நிறுவனத்தின் அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் இருக்கின்றன. (செடியைத் தந்த மடகாஸ்கர் மக்களுக்கு இந்த வருமானத்தில் பங்கு போகவில்லை என்ற குறை இன்றுவரை பேசப்படுகிறது. நியாயமான குறைதான்.)

1950-களில் இரத்தப் புற்றுநோய் வந்த குழந்தைகள் ஏறக்குறைய எல்லோரும் மாதக்கணக்கில் இறந்துபோனார்கள். இன்று வசதியான நாடுகளில், குழந்தைகளுக்கு அதிகம் வரும் 'ஏ.எல்.எல்.' வகையில், பத்தில் ஒன்பது பிள்ளைகள் பிழைக்கிறார்கள். இதில் வின்கிரிஸ்டினுக்கு மட்டும் பெருமை சேராது. பல மருந்துகளைச் சேர்த்து, வரிசை மாறாமல், ஆண்டுக்கணக்கில் கொடுத்த சிகிச்சை அது. ஆனால் அந்தக் கூட்டணியில் முதல் வாரத்தில் இருந்தே இடம்பெறும் மருந்து வின்கிரிஸ்டின்.

அப்படியானால் இலையிலேயே இருக்கிறதே?

இருக்கிறது. எவ்வளவு இருக்கிறது என்பதுதான் கேள்வி.

வின்டோலின், கேதராந்தின் என்ற இரண்டு பொருள்கள் ஒன்றுசேர்ந்தால்தான் இந்த மருந்துகள் உருவாகும். செடியில் ஒன்று இலையின் உள்ளே இருக்கிறது. இன்னொன்று இலையின் மேற்பரப்பு மெழுகில் இருக்கிறது. இரண்டும் சந்திப்பதே அரிது. அதனால் ஒரு கிராம் மருந்து கிடைக்க நூற்றுக்கணக்கான கிலோ காய்ந்த இலை வேண்டும். மறுபுறம், ஒரு நோயாளிக்கு ஒரு தடவை போடும் வின்கிரிஸ்டின் பொதுவாக 2 மில்லிகிராமைத் தாண்டாது. குழந்தையின் உயரத்தையும் எடையையும் கொண்டு உடல் பரப்பைக் கணக்கிட்டு, மில்லிகிராமில் பின்னம் வரை பார்த்துப் போடுகிறார்கள். சற்றுக் கூடினால் நரம்பு கெடும். குறைந்தால் புற்றணு தப்பிவிடும். அடுப்பில் கொதிக்கும் கஷாயத்தில் இந்தக் கணக்கு எங்கே இருக்கிறது? மழைக்காலத்து இலைக்கும் கோடை இலைக்கும், ஒரு செடிக்கும் அடுத்த செடிக்கும் அளவு மாறும்.

இரண்டாவது விஷயம், இந்த மருந்து வாய்வழியாகக் குடித்தால் உடலில் சரியாகச் சேராது. அதனால்தான் அறுபது ஆண்டுகளுக்கு மேலாகியும் மாத்திரையாக வராமல், நரம்பில் ஏற்றும் ஊசியாகவே இருக்கிறது. அந்த ஊசியும் எளிதானதல்ல. நரம்பை விட்டு வெளியே கசிந்தால் சதையைப் பொசுக்கிவிடும். தவறுதலாக முதுகுத்தண்டில் போட்டுவிட்டால் உயிர் போய்விடும். இதற்காகவே மருத்துவமனைகளில் தனி விதிமுறை வைத்திருக்கிறார்கள்.

"வாய்வழியாகச் சேராது என்றால் கெடுதலும் இல்லைதானே?" என்று ஒரு படித்த இளைஞர் நம்மிடம் கேட்டார். நல்ல கேள்வி. பதில் அவ்வளவு நல்லதல்ல. மருந்தாக நம்பும் அளவுக்குச் சேராது. விஷமாகும் அளவுக்குச் சேராது என்று யாரும் உறுதி சொல்ல முடியாது. மற்ற நூறு ஆல்கலாய்டுகளும் அந்தக் கஷாயத்தில்தான் இருக்கின்றன. இச்செடியைக் காய்ச்சிக் குடித்த ஒரு புற்றுநோயாளிக்கு எலும்பு மஜ்ஜை கடுமையாக முடங்கிப்போனதைத் தைவான் மருத்துவர்கள் 2004-இல் மருத்துவ இதழில் பதிவு செய்திருக்கிறார்கள். நோபிளின் எலிகளுக்கு நடந்ததும் அதுதான். ஏற்கெனவே கீமோவால் வெள்ளை அணுக்கள் இறங்கியிருக்கும் குழந்தைக்கு இன்னும் இறக்கிவிட்டால், சாதாரண காய்ச்சலே போதும்.

நம் பகுதிக்கென்று ஒரு கவலையும் உண்டு. தோல் பதனிடும் தொழில் நமக்குச் சோறு போட்டது, அதை மறுக்கவில்லை. ஆனால் அந்தக் கழிவு பாலாற்றுப் படுகையை என்ன செய்தது என்பது, 1996-இல் உச்ச நீதிமன்றம் வேலூர் குடிமக்கள் நல அமைப்பின் வழக்கில் தீர்ப்புச் சொல்லும் அளவுக்குப் போனது. செடி தான் நிற்கும் மண்ணில் இருப்பதை உறிஞ்சும். தோல் ஷாப் கால்வாய் ஓரத்தில் செழித்து நிற்கும் இலையில் என்னென்ன சேர்ந்திருக்கும் என்பது பறிப்பவருக்குத் தெரியாது.

சுகர் விஷயத்திற்கு வருவோம். விலங்குகளில் செய்த சில ஆய்வுகளில் இந்த இலைச் சாறு சர்க்கரையைக் குறைத்ததாகச் சொல்லப்பட்டிருக்கிறது. ஆனால் மனிதர்களில் முறையாகச் சோதித்து, இவ்வளவு குடித்தால் இவ்வளவு இறங்கும், இத்தனை ஆண்டு குடித்தால் கெடுதல் இல்லை என்று நிறுவப்படவில்லை. மாத்திரை போட்டுக்கொண்டே காலையில் பத்து இலை மெல்பவருக்குச் சர்க்கரை திடீரென இறங்கி மயக்கம் வரலாம். மாத்திரையை நிறுத்திவிட்டு இலையை மட்டும் நம்புபவருக்கோ, சர்க்கரை சத்தமில்லாமல் கண்ணையும் சிறுநீரகத்தையும் தின்றுகொண்டிருக்கும். நாம் சொல்வது: வேண்டாம்.

ஹகீம்கள் சொல்லிக்கொடுத்தது

இதைச் சொன்னால் உடனே, "இங்கிலீஷ் மருந்துக்கு ஆதரவாகப் பேசுகிறீர்கள், நம் யூனானி ஹகீம்கள் இலை தழையில்தானே குணப்படுத்தினார்கள்" என்பார்கள். மதரஸாவில் படித்த நமக்கு அந்தப் பாரம்பரியத்தின் மீது மரியாதை அதிகம். அதனாலேயே சொல்கிறோம்.

இப்னு சீனா தம் 'கானூன்' நூலின் இரண்டாம் பாகத்தில், ஒரு மருந்தைச் சோதிப்பதற்கு நிபந்தனைகள் வகுத்தார். மருந்தில் வேறெதுவும் கலந்திருக்கக் கூடாது. பல நோய் கலந்தவரிடம் சோதிக்காமல், ஒற்றை நோய் உள்ளவரிடம் சோதிக்க வேண்டும். மருந்தின் வீரியம் நோயின் வலிமைக்கு ஏற்ப இருக்க வேண்டும். எப்போது வேலை செய்கிறது என்று நேரத்தைக் கவனிக்க வேண்டும். ஒரு தடவை பலித்தால் போதாது. திரும்பத் திரும்ப அதே பலன் வர வேண்டும். விலங்கில் பலித்தது மனிதனிலும் பலிக்கும் என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. மனித உடலிலேயே பார்க்க வேண்டும். ஏறத்தாழ ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் ஒரு முஸ்லிம் மருத்துவர் எழுதி வைத்தது இது. வாட்ஸ்அப்பில் வரும் 'பத்து இலை, ஒரு டம்ளர் தண்ணீர்' குறிப்பு இவற்றில் எந்த நிபந்தனையைத் தாண்டும்? நோபிளும் ஸ்வோபோடாவும் செய்த வேலைதான் இப்னு சீனா கேட்டதற்கு நெருக்கமானது.

மலாகாவில் பிறந்து 1248-இல் திமஷ்கில் மறைந்த இப்னுல் பைதார் சுமார் 1400 மருந்துப் பொருள்களைத் தொகுத்தார். ஒவ்வொன்றுக்கும் முந்தைய அறிஞர்கள் என்ன சொன்னார்கள், எங்கே தவறினார்கள் என்று குறித்தார். கேட்டதையெல்லாம் அவர் அப்படியே எழுதிவிடவில்லை.

நபி (ஸல்) அவர்கள் மருத்துவம் செய்துகொள்ளுமாறு ஏவியதும், அல்லாஹ் இறக்கிய ஒவ்வொரு நோய்க்கும் நிவாரணத்தையும் இறக்கியிருக்கிறான் என்று அறிவித்ததும் நம் எல்லோருக்கும் தெரியும், மேடைகளில் கேட்கிறோம். அபூதாவூதிலும் நஸாயீயிலும் இப்னு மாஜாவிலும் பதிவான இன்னொரு ஹதீஸ் அவ்வளவாகக் கேட்பதில்லை. மருத்துவ அறிவு உள்ளவராக அறியப்படாத ஒருவர் மருத்துவம் பார்த்து, அதனால் பாதிப்பு வந்தால், அவரே அதற்குப் பொறுப்பாளி என்பது அதன் கருத்து. ஃபிக்ஹு நூல்களில் இதை வைத்து நஷ்டஈடு வரை பேசுகிறார்கள். தெரியாத ஒரு கஷாயக் குறிப்பை 'நன்மை கிடைக்கும்' என்று நூறு பேருக்கு அனுப்பும் சகோதரர், அதில் ஒருவர் வீட்டுப் பிள்ளைக்குத் தீங்கு வந்தால் தம் நிலை என்ன என்பதையும் யோசிக்க வேண்டும். ஆலிம்களான நமக்கும் இது பொருந்தும். துஆ கேட்டு வருபவருக்கு துஆ செய்யலாம், ஓதிப் பார்க்கலாம். ஊசியை நிறுத்து என்று சொல்ல நமக்கு உரிமை கிடையாது.

முதல் மாதம் முடிந்த பிறகு

பெற்றோர்கள் எங்கே தடுமாறுகிறார்கள் என்பதை நாம் பார்த்திருக்கிறோம். முதல் நான்கைந்து வாரச் சிகிச்சை கடுமையானது. வாராவாரம் வின்கிரிஸ்டின் ஏறும். பிள்ளைக்குத் தாடை வலிக்கும், மலச்சிக்கல் வரும், கால் பலமிழந்து நடை தள்ளாடும், முடி கொட்டும். பிறகு இரத்தப் பரிசோதனையில் எல்லாம் சரியாகிவிட்டது என்று சொல்வார்கள். பிள்ளை விளையாடும், பிரியாணி கேட்கும். வீட்டில் எல்லோரும் அல்ஹம்துலில்லாஹ் சொல்வார்கள். அந்த நேரத்தில்தான் உறவினர் ஒருவர் வந்து, "இனி ஏன் அந்த விஷத்தை ஏற்றுகிறீர்கள், இலையைக் கொடுங்கள்" என்பார்.

பரிசோதனையில் தெரியாத அளவுக்குக் குறைந்துவிட்டது என்பதற்கும் ஒழிந்துவிட்டது என்பதற்கும் வித்தியாசம் உண்டு. மிஞ்சிய புற்றணுக்கள் மூளை, தண்டுவட நீரில் ஒளிந்துகொள்ளும். அதற்காகத்தான் முதுகில் தனியாக மருந்து போடுகிறார்கள். அதன் பிறகு தினமும் மாத்திரை, வாரம் ஒரு மருந்து என்று, மொத்தம் இரண்டு முதல் மூன்று ஆண்டுகள் சிகிச்சை நடக்கும். இடையில் நிறுத்தினால் நோய் திரும்பும். திரும்பி வரும் நோய் முன்னைவிட முரட்டுத்தனமானது. அதை அடக்குவது கடினம்.

பக்கவிளைவுகள் உண்மையானவை, அவற்றை மருத்துவரிடம் சொன்னால் அளவை மாற்றுவார்கள், பயிற்சி கொடுப்பார்கள். சொல்லாமல் மறைப்பதில்தான் சிக்கல். பூஞ்சை நோய்க்குக் கொடுக்கும் சில மாத்திரைகள்கூட வின்கிரிஸ்டினின் வீரியத்தை உடலில் ஏற்றிவிடும் என்பதால் மருத்துவர்கள் பார்த்துத்தான் எழுதுகிறார்கள். நிலைமை அப்படியிருக்க, கஷாயம், லேகியம், கருஞ்சீரக எண்ணெய் எதுவாக இருந்தாலும், ஏற்கெனவே கொடுத்திருந்தால் திட்டுவார்கள் என்று பயப்படாமல் சொல்லிவிடுங்கள். திட்டினால் திட்டட்டும்.

அல்லாஹ் நமக்கு இதில் ஒரு வசதியைத் தந்திருக்கிறான். 1900-இல் ஐடா ஸ்கடர் ஒற்றைப் படுக்கையோடு தொடங்கிய வேலூர் சி.எம்.சி. நமக்கு ஒரு மணி நேரப் பயணம்தான். வங்காளத்தில் இருந்தும் வடகிழக்கில் இருந்தும் இரண்டு நாள் ரயிலில் வந்து காத்திருக்கிறார்கள். சென்னையில் முத்துலட்சுமி ரெட்டி 1954-இல் நிறுவிய அடையாறு புற்றுநோய் மருத்துவமனை இருக்கிறது. வின்கிரிஸ்டின் பழைய மருந்து; விலையும் குறைவு. செலவு பிடிப்பது படுக்கை, பரிசோதனை, தொற்று வந்தால் கொடுக்கும் மருந்து, அப்பாவின் வேலை நாட்கள். முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை கிடைக்கிறது. காப்பீட்டு அட்டை இல்லாதவர்கள் நோய் வந்த பிறகு அலையாமல் இப்போதே எடுத்து வைப்பது நல்லது. பீடி சுற்றும் வீடுகளிலும் தறி ஓட்டும் வீடுகளிலும் இந்த அட்டை இருக்கிறதா என்று ஜமாஅத்துகள் ஒரு கணக்கு எடுக்கலாம்.

ஜகாத் பற்றியும் கேட்கிறார்கள். தந்தை நிஸாப் அளவுக்குச் சொத்து இல்லாதவராக இருந்தால் அவருடைய பிள்ளையின் சிகிச்சைக்கு ஜகாத் கொடுக்கலாம். ஹனஃபி சட்டப்படி பணம் அவருடைய உரிமையாகச் சேர வேண்டும் என்பதால் அவர் கையில் கொடுத்துவிடுவது எளிது; அவர் சம்மதத்தோடு அவருடைய மருத்துவமனைக் கடனை நேரடியாகக் கட்டினாலும் நிறைவேறும். ஒரே தடவையில் பெரிய தொகை கொடுத்துவிட்டு மறந்துவிடுவதைவிட, சிகிச்சை முடியும்வரை மாதாமாதம் பயணச் செலவைப் பார்த்துக்கொள்ள யாராவது முன்வந்தால், பிள்ளை இடையில் நின்றுபோகாது.

பணம் இல்லாத இளைஞர்களும் ஒன்று செய்யலாம். கீமோ நடக்கும் பிள்ளைகளுக்கு இரத்தத் தட்டணுக்கள் திரும்பத் திரும்பத் தேவைப்படும். எடுத்த தட்டணுக்களை ஐந்து நாட்களுக்கு மேல் வைத்திருப்பது கடினம் என்பதால், சேமித்து வைத்துச் சமாளிக்க முடியாது. ரமலானில் பகலில் கொடுக்கத் தயங்குபவர்கள் இஃப்தாருக்குப் பிறகு எந்த நேரத்தில் வரலாம் என்று இரத்த வங்கியிடம் முன்கூட்டியே கேட்டு, நான்கைந்து பேராகப் பெயர் கொடுத்து வைக்கலாம்.